அக்கா போட்ட கும்பிடுகள்

என் அக்காவுக்கு யார் எதை அனுப்பினாலும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். கைபேசியில் வருமே, மஞ்சள் நிறத்தில் இரண்டு கைகள் கூப்பியபடி, அதைத்தான் சொல்கிறேன். காலை வணக்கம் என்று ரோஜாப்பூ வந்தால் கும்பிடு. தூரத்து உறவில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று வந்தால் கும்பிடு. சிலிண்டர் வண்டியில் ஏறிவிட்டது என்று கேஸ் கம்பெனியிலிருந்து வரும் தகவலுக்கும் கும்பிடு. "அது ஆளே இல்லக்கா, மெஷின் அனுப்புறது" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருந்துட்டுப் போகுது புள்ள, ஒரு மரியாதைதானே" என்பாள். அந்த மரியாதை பிற்பாடு எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது.

நாங்கள் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அக்காவும் நானும் கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர்கள். நான் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் தன் தொழிலாளிகளுக்கே பங்குகள் கொடுத்தது. மற்றவர்கள் வாங்கிய கையோடு விற்று வண்டி வாங்கினார்கள், வீட்டுக்கு மேல்தளம் போட்டார்கள். மாமா விற்கவில்லை. போனஸ் வந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தார். அவர் போன பிறகு அந்தப் பங்குகள் அக்காவின் பெயருக்கு வந்தன. வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி ஈவுத்தொகை அனுப்பும். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அக்கா யாரிடமும் கேட்காமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் தனக்கென்று ஒரு சேலை எடுப்பது அந்தப் பணத்தில்தான். "அவரு வேல செஞ்ச எடத்துல எனக்கும் ஒரு பங்கு இருக்குதுல்ல" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ பாதித் தொழிற்சாலையே அவளுடையது என்பது போல இருக்கும்.

பங்குகளை அவள் பெயருக்கு மாற்ற ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பங்குத் தரகு நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். அங்கே ஒரு இளைஞன் இருந்தான். நாங்கள் கன்னடத்தில் ஆரம்பித்தோம். எங்கள் பேச்சில் அடித்த ஊர் வாடையைக் கண்டதுமே, "நீங்க கொள்ளேகாலுங்களா? நான் ஹனூருங்" என்றான். அவ்வளவுதான், விழுந்துவிட்டோம். இந்த ஊரில் தமிழ் பேசுபவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் பக்கத்து "ங்" போட்டுப் பேசுகிற ஒருவனை ஏசி ஆபீசில், டை கட்டிய கோலத்தில் பார்த்தபோது சொந்த அண்ணன் மகனைப் பார்த்தது போலத்தான் இருந்தது. அவன் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போட்டோம். அதில் ஒரு தாள், எங்கள் கணக்கிலிருந்து பங்குகளை எடுத்து விற்க அந்த நிறுவனத்துக்கே அதிகாரம் கொடுக்கிற தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. நானும் அங்கே சின்னதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். ரவிக்கைக்குக் கழுத்து ஒரு நூல் இறங்கினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு அன்றைக்குக் கண் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் தினமும் காலையில் அந்தப் பையனிடமிருந்து ஒரு சாமி படமோ பூவோ வரும். சாயந்திரம் சில நாள் ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி வரும். அக்கா எல்லாவற்றுக்கும் கும்பிடு போடுவாள். போட்டுவிட்டு, போனில் இடமில்லை என்று ராத்திரி படுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைப்பது போல அவளுக்கு அது ஒரு வேலை.

ஒரு வருடம் ஈவுத்தொகை வரவில்லை. பத்து நாள் பார்ப்போம் என்றாள். பிறகு வங்கியில் போய்க் கேட்டாள். அப்புறம்தான் என்னையும் கூட்டிக்கொண்டு தரகு நிறுவனத்துக்குப் போனாள். ஹனூர்ப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தான். அவன் நாற்காலியில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். போன தசரா சமயத்தில் மாமாவின் பங்குகள் அத்தனையும் ஒரே நாளில் விற்கப்பட்டிருந்தன. அந்தப் பணம் என்னென்னவோ வாங்கி விற்றதிலும், ஒவ்வொரு தடவையும் அவர்கள் எடுத்த தரகுக் கட்டணத்திலும் கரைந்துபோயிருந்தது. என் சின்னக் கணக்கிலும் அதே கதைதான்.

"நீவே ஹேளித்ரல்ல மேடம், விக்கச் சொன்னதே நீங்கதானே" என்றாள் அந்தப் பெண், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எங்கள் சந்துக்கே தெரியும். அன்றைக்கு அந்த ஆபீசுக்கும் தெரிந்தது. இரண்டு மொழியிலும் கத்தினேன். காவலாளி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பாவம். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு அக்கா, "நான் சொல்லலியே புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

பெங்களூரில் இருக்கும் அவள் மகனிடம் சொன்னோம். நல்ல பையன்தான், அம்மா மேல் உயிர். ஆனால் எடுத்த எடுப்பில், "அம்மா, யாராச்சும் போன்ல கேட்டிருப்பாங்க, நீங்க சரின்னு சொல்லிட்டு மறந்திருப்பீங்க" என்றான். அவன் அதைக் கனிவாகத்தான் சொன்னான். அந்தக் கனிவுதான் அக்காவை அடித்துப் போட்டது. அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை அணைத்துவிட்டு மறுபடி போய் அணைப்பாள். ஒரு நாள் கடையில் என் எதிரே உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏம்புள்ள, நானே சொல்லியிருப்பனோ?"

பங்கு போனது ஒரு பக்கம். தன் புத்தி மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டதே, அதை யாரிடம் கேட்டு வாங்குவது என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் கடைக்கு ரவிக்கை தைக்க வரும் அம்மா ஒருவர் வழக்கறிஞர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் புரியும். அளவு எடுக்கும்போதே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தில் அவருக்கு அளவு தப்பிவிடுமோ என்று கூடப் பயம் வந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: விற்கச் சொல்லவில்லை என்று அக்கா நிரூபிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் சொல்லித்தான் விற்றோம் என்பதற்கான சான்றை வைத்திருக்க வேண்டியது தரகரின் கடமை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் ஒருவர் சமரசம் பேசுவார், அது ஆகவில்லை என்றால் ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார், எல்லாம் வீடியோவிலேயே நடக்கும் என்றார்.

"இதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நடக்குமா?" என்று கேட்டேன்.

"உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான் வெச்சிருக்காங்க. கூச்சல் போடாம எழுதிக் குடு" என்றார்.

அதே கிளையில் ஏமாந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரும்பு போடுகிறவர். அவரையும் ஹனூர்ப் பையன்தான் சேர்த்திருக்கிறான். அவரை நாங்கள் அண்ணா என்று கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் கூடுவோம். ஆளுக்கொரு புகார் எழுதி, வழக்கறிஞர் அம்மாவிடம் காட்டி, திருத்தி, அனுப்பினோம். அவர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த வருடம் அவருக்கு நான் தைத்த ரவிக்கைகளைப் போல என் கல்யாணத்துக்குக்கூட நான் தைத்துக்கொள்ளவில்லை.

சமரசப் பேச்சில்தான் அக்காவின் கும்பிடு வெளியே வந்தது. அக்கா போனில் விற்கச் சொன்னாள், அந்தப் பேச்சுப் பதிவு இயந்திரக் கோளாறால் அழிந்துவிட்டது என்றார் நிறுவனத்தின் வக்கீல். ஆனால் அக்கா ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி இருக்கிறது என்று ஒரு படத்தைத் திரையில் காட்டினார். அக்காவின் எண். பங்கு விற்ற அதே தேதி. விற்ற நேரத்தை ஒட்டி, முற்பகலில், ஒரு கும்பிடு. அதற்கு மேலே இருந்தது வெட்டப்பட்டிருந்தது. மேலே இருந்ததுதான் எங்கள் ஆள் அனுப்பிய விற்பனைத் தகவல், கிளைக் கைபேசி இப்போது எங்களிடம் இல்லை, இந்தப் படம்தான் கோப்பில் இருக்கிறது என்றார்.

அக்காவிடம் கேட்டார்கள். "கும்பிடு நான்தான் போட்டன்" என்றாள். எதற்குப் போட்டாய் என்றால் அவளுக்கு நினைவில்லை. அவள் போனில் ஒன்றும் இல்லை, அன்று ராத்திரியே கழுவிக் கவிழ்த்திருப்பாளே. பெரிய மனது பண்ணி ஒரு வருடத்துக்குத் தரகுக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறோம் என்றார் அந்த வக்கீல். வீட்டையே தூக்கிக்கொண்டு போனவன் வாசற்படிக்குக் கோலமாவு வாங்கிக் கொடுப்பது போல இருந்தது எனக்கு. சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம்.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கும்பிடு தடை. தீர்ப்பு வரும் வரை யாருக்கும் எதற்கும் போடக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். பாவம், கை பரபரக்கும். மகன் பேத்தியின் படம் அனுப்பினால்கூட என்னைப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அடுத்து நடுவர் விசாரணை. ரவிக்கை வாங்க வந்த வழக்கறிஞர் அம்மா, அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு என்ன கெழம? நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். சுவரில் பழைய காலண்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. புரட்டினேன். ஆயுத பூஜை.

இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் யானை ஊர்வலம், ஊரெல்லாம் தடுப்புக் கட்டியிருக்கும், தேவராஜ மார்க்கெட்டில் சாமந்தி விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பஸ், ஆட்டோ, தையல் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் குங்குமம் வைத்து மாலை போட்டு ஓய்வாக நிற்கும். தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். மும்பையில் சந்தை அன்றைக்குத் திறந்துதான் இருந்தது, அவர்களுக்கு ஆயுத பூஜை தெரியாதே. அக்கா அன்று விடிகாலையிலேயே என் கடைக்கு வந்துவிட்டாள். மெஷின்களைத் துடைத்து, கத்தரிக்குக் குங்குமம் வைத்து, பொரிகடலை பொட்டலம் மடித்துக்கொண்டு மத்தியானம் வரை என் பக்கத்திலேயே இருந்தாள். யாரிடமும் போனில் பேசவில்லை. ஆனால் என் வார்த்தையை யார் நம்புவார்கள், நான் தங்கச்சி. அந்தக் கும்பிடு எதற்குப் போட்டது என்பது தெரிந்தாக வேண்டும். என் பழைய கைபேசி மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது கரும்பு அண்ணா தன் போனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"எனக்கும் அந்தப் பையன் அனுப்புவானுங். எல்லாம் இதுலதான் இருக்கோணும்."

"நீங்க அழிக்கலையாண்ணா?"

"சாமி படத்த எப்படிங் அழிக்கிறது?" என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டது போல. "குப்பைத்தொட்டி படம் போட்டிருக்குதுங், அதுல கொண்டுபோயி அம்மனப் போடச் சொல்றீங்களா? எம் மகன்கூடப் போன் நிக்குது நிக்குதுன்னு திட்டுறான். நின்னா நிக்கட்டும்னு விட்டுட்டனுங்."

அந்தப் போன் நிஜமாகவே நின்று நின்றுதான் நகர்ந்தது. ஒரு தடவை விரலால் தள்ளினால், யோசித்து, பெருமூச்சு விட்டு, ஒரு பிள்ளையாரைக் காட்டும். இன்னொரு தடவை தள்ளினால் ஒரு முருகன். திருப்பதி, பழனி, சாமுண்டி மலை என்று நாங்கள் ஒரு வருடத்துச் சாமிகளை எல்லாம் வரிசையாகத் தரிசனம் செய்தோம். இரண்டு சுற்று டீ வந்து போனது. அக்கா ஒவ்வொரு சாமிக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நான் தடை செய்தது போன் கும்பிடைத்தானே. பிறகு அந்தத் தேதி வந்தது.

அது அந்தக் கிளை ஆபீசின் ஆயுத பூஜைப் படம். நடுவில் சாமுண்டி அம்மன் படத்துக்கு மாலை. சுற்றிலும் மேசைகளில் கம்ப்யூட்டர்கள், எல்லாத் திரையும் இருட்டாக, ஒவ்வொன்றின் தலையிலும் சாமந்திச் சரம், நெற்றியில் சந்தனம் குங்குமம். சுவர்க் கடிகாரம்கூட அதே முற்பகல் நேரத்தைக் காட்டியது. முன்னால் ஊழியர்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள், ஹனூர்ப் பையன் உட்பட. கீழே, எங்கள் அன்பான வாடிக்கையாளர் அனைவருக்கும் ஆயுத பூஜை நல்வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. அனுப்பிய நேரம், வக்கீல் காட்டிய அக்காவின் கும்பிடுக்கு ஒரு நிமிடம் முன்னால். அதற்குக் கீழே அண்ணாவும் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

அக்கா போனை வாங்கி முகத்துக்கு அருகே பிடித்தாள். "இதுக்குத்தான் போட்டன்" என்றாள். "இப்ப ஞாபகம் வருது. அம்மனுக்குப் போட்டன்." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அண்ணாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, எழுந்துபோய் மூன்றாவது சுற்று டீ சொல்லிவிட்டு வந்தார்.

விசாரணை நாளில் கடை மெஷின்களை நிறுத்திவிட்டு, துணி வெட்டும் மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். நடுவர் வயதானவர், அவசரப்படாமல் கன்னடத்தில் பேசினார். அண்ணா தன் போனைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். படம் தெரிந்ததும் நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இந்த நேரத்தில்தான் விற்பனை நடந்தது, உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு மாலை போட்டிருக்கிறது, ஆட்கள் எல்லோரும் சாமி கும்பிடுகிறார்கள், அப்படியானால் விற்றது யார் என்று நிறுவன வக்கீலைக் கேட்டார்.

வக்கீல் கொஞ்சம் தாள்களைப் புரட்டினார். பெங்களூர் ஆபீசிலிருந்து விற்றிருக்கலாம் என்றார்.

அப்படியென்றால் இந்த அம்மா பெங்களூரில் யாரிடம் போனில் பேசினார் என்று கேட்டார் நடுவர். வக்கீல் புரட்டிய தாள்களையே மறுபடி புரட்டினார். சிக்னல் போகவுமில்லை, நான் நன்றாகப் பார்த்தேன்.

பிறகு நடுவர் அக்காவிடம், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இத்தனை மாதமாக இந்த விஷயத்தில் அவள் வெளியாட்களிடம் பேசியதெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு மேல் இல்லை. அன்றைக்கு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள்: "நான் எல்லாருக்கும் கும்பிடு போடுவேன் சார். அது என் பழக்கம். விக்கணும்னா கும்பிடு போட மாட்டேன், வித்துடுங்கன்னு வாயத் தொறந்து சொல்லுவேன். சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் சொல்லல." கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் தன்னை அறியாமல் தமிழில் சொன்னாள். நடுவர் தலையை ஆட்டினார்.

எல்லாம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். என் சின்னக் கணக்கில் பாதிதான் ஒப்புக்கொண்டார்கள், வாங்கியது விற்றது என்று சாயந்திரம் ஆங்கிலத்தில் வந்த தகவல்களைப் படித்துப் பார்க்காதது என் தப்பும்தான் என்றார்கள். அண்ணாவின் விசாரணை இன்னும் நடக்கிறது. அதற்கும் அவர் போனில் நிறையச் சாமிகள் இருக்கிறார்கள், நல்லபடியாக முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவின் தீர்ப்பு ஒரு பகல் பொழுதில் வந்தது. நாங்கள் இருவரும் கடையில் இருந்தோம். வழக்கறிஞர் அம்மாதான் கைபேசியில் அனுப்பியிருந்தார், அக்காவுக்கே நேராக. விற்ற பங்குகள் அத்தனையையும் அதே கம்பெனிப் பங்குகளாக வாங்கி அவள் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும், விடுபட்ட ஈவுத்தொகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வாடிக்கையாளர் எந்த உத்தரவும் கொடுக்கவில்லை என்ற வரியை நான் உரக்கப் படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். மகனுக்கு அனுப்பு என்றாள். அனுப்பிய கையோடு அவன் அழைத்தான். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. "உடுடா, நானே என்னைய நம்பலியே" என்றாள் அக்கா.

பேசி முடித்துவிட்டு, வழக்கறிஞர் அம்மாவின் செய்தியை மறுபடி திறந்தாள். கட்டைவிரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்புள்ள, இதுக்குப் போடலாமா?"

போடு என்று தலையை ஆட்டினேன். அக்கா கும்பிடு போட்டாள். ஒன்று போட்டு, கொஞ்சம் யோசித்து, வரிசை நிறையும் வரை போட்டுக்கொண்டே போனாள். அன்றைக்கு ராத்திரி அவள் எதையும் அழிக்கவில்லை.